ஸ்வாப் கோப்பின் தொடக்கம் தொலைந்தது எப்படி: லினக்ஸ் 5.12-ஆர்சி1 நிகழ்வு ஆய்வு

2021 மார்ச் 3 அன்று லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையநிரல்) பராமரிக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தமது கிட் களஞ்சியத்தில் இருந்த ‘வி5.12-ஆர்சி1’ டேகின் (ஒரு பதிப்பைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) பெயரை ‘வி5.12-ஆர்சி1-டோன்ட்யூஸ்’ (பயன்படுத்தாதே) என்று மாற்றினார். அந்த ஆர்சி, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, பிப்ரவரி 28 அன்றுதான் வெளியாகியிருந்தது. ஸ்வாப் கோப்பு (நினைவகத்தில் இடம் போதாதபோது அதிலுள்ளவற்றைத் தற்காலிகமாக வைக்க வட்டில் உள்ள கோப்பு) வைத்திருந்த கணினிகளில், நினைவகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பக்கங்கள் (4 கேபி துண்டுகள்) அந்தக் கோப்புக்குள் போகவில்லை. அதே ஃபைல்சிஸ்டத்தின் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) வேறொரு பகுதியில் விழுந்து, அங்கே ஏற்கெனவே இருந்ததை அழித்துக்கொண்டிருந்தன. இதற்குக் காரணம் புதிய வசதியும் அல்ல, வேகத்துக்காகச் செய்த மாற்றமும் அல்ல. நிரலைச் சுத்தம் செய்த ஒரு சிறிய பேட்ச். பார்த்தவர் எவருக்கும் உறுத்தாத, சாதுவான மாற்றம் அது என்றுதான் லினஸும் எழுதினார்.

எது உடைந்தது என்பதைவிட, உடைந்தது ஏன் எந்த டெஸ்டிலும் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இரண்டு எண்கள், ஒரே வகை

ஸ்வாப்பை இயக்கும் ஸ்வாப்பான் கட்டளைக்கு பார்ட்டிஷனை (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) கொடுத்தால் கெர்னல் ஒரே ஒரு எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான துண்டைப் பற்றிய குறிப்பு) போட்டுக்கொள்ளும். ஸ்லாட் என்பது ஸ்வாப்பில் ஒரு பக்கத்துக்கான இடம், பிளாக் என்பது வட்டில் அதே அளவு இடம். ஸ்லாட் 0 என்றால் பிளாக் 0, ஸ்லாட் 1000 என்றால் பிளாக் 1000, கடைசி வரை நேர்கோடு. கோப்பைக் கொடுத்தால் அப்படி முடியாது. வட்டில் கோப்பு எந்தெந்தத் துண்டுகளாகக் கிடக்கிறது என்று ஃபைல்சிஸ்டத்திடம் கேட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளும்: எந்த ஸ்லாட்டில் தொடங்குகிறது, எத்தனை பக்கம், வட்டில் எந்த பிளாக்கில் தொடங்குகிறது. 5.3 பதிப்பிலிருந்து இந்தத் துண்டுகள் ரெட்-பிளாக் ட்ரீ என்ற தேடல் அமைப்பில் இருக்கின்றன. ஸ்வாப் கோப்பு முழுவதும் நம்பியிருப்பது இந்த மொழிபெயர்ப்பை மட்டும்தான். ஸ்வாப்பான் முடிந்த பிறகு ஃபைல்சிஸ்டத்தை யாரும் கேட்பதில்லை. கெர்னல் நேராக, வட்டோடு பேசும் அடுக்கான பிளாக் லேயருக்கு எழுதுகிறது.

பழைய நிரலில் ‘கெட்_ஸ்வாப்_பயோ’ என்று ஒரு சிறு ஃபங்ஷன் இருந்தது. ஒரு ஸ்வாப் பக்கத்தை வட்டுக்கு அனுப்பத் தேவையான பயோவை, அதாவது வட்டுக்கான படிப்பு-எழுத்துக் கோரிக்கையை, தயார் செய்து கொடுப்பது அதன் வேலை. அது ‘மேப்_ஸ்வாப்_பேஜ்’ என்பதை அழைக்கும். அந்த ஃபங்ஷன் எக்ஸ்டென்ட் ட்ரீயில் தேடி, வட்டில் அந்தப் பக்கத்தின் இடத்தைத் திருப்பித் தரும். வந்த எண்ணை 3 பிட் இடப்பக்கம் நகர்த்தி, அதாவது எட்டால் பெருக்கி, செக்டர் எண்ணாக மாற்றுவார்கள். 4096 பைட் பக்கத்தில் 512 பைட் செக்டர்கள் எட்டு.

சுத்தம் செய்த பேட்ச், பயோ ஒதுக்கீட்டு நிரலை நேர்ப்படுத்திய ஒரு வரிசையில் ஒன்று. அது ‘கெட்_ஸ்வாப்_பயோ’வை நீக்கி, அதன் வரிகளைப் படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் நேரடியாக வைத்தது. தூங்கக்கூடிய (நினைவகம் கிடைக்கும்வரை காத்திருக்கும்) ஒதுக்கீட்டில் பயோ கிடைக்காமல் போக வாய்ப்பில்லை என்பதால் ‘நல்’ (வெற்றுச் சுட்டி) சோதனைகளையும் எடுத்துவிட்டது. அது சரியான மாற்றம்தான். கூடவே ‘மேப்_ஸ்வாப்_பேஜ்’ இருந்த இடத்தில் ‘ஸ்வாப்_பேஜ்_செக்டர்’ என்ற ஃபங்ஷனை வைத்தது. அது அதே கோப்பில் ஏற்கெனவே இருந்தது, பெயரிலேயே செக்டர் என்று சொன்னது, வேறொரு குறுக்குவழியில் பயன்பாட்டிலும் இருந்தது. அந்தக் குறுக்குவழி செய்வதைப் போலவே இங்கும் செய்கிறோம் என்பதுதான் பேட்சின் விளக்கம்.

‘ஸ்வாப்_பேஜ்_செக்டர்’ ஒரே வரி. ஸ்லாட் எண்ணை எடுத்து எட்டால் பெருக்கித் தரும், அவ்வளவுதான். எக்ஸ்டென்ட் ட்ரீயைத் தொடவே தொடாது. தெருவில் மூன்றாவது வீடு என்று சொன்னதை ஊரிலேயே மூன்றாவது வீடு என்று எடுத்துக்கொண்டதுபோல் ஆயிற்று.

எண்களில் பார்க்கலாம். ஸ்வாப் கோப்பின் முதல் துண்டு வட்டின் 5,57,056-ஆம் பிளாக்கில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாட் 1000 போக வேண்டிய இடம் பிளாக் 5,58,056, செக்டர் 44,64,448. புதிய நிரல் அனுப்பியதோ செக்டர் 8000-க்கு. பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 4 எம்பி தூரம்கூட இல்லை.

இரண்டு ஃபங்ஷன்களும் திருப்பித் தருவது சி மொழியின் ஒரே வகை, ‘செக்டர்_டி’. ஆனால் ஒன்று தந்தது வட்டின் பக்க எண். அது செக்டரே அல்ல, அழைத்தவர்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும். மற்றொன்று தந்தது செக்டர் அலகில் சரியான எண், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் வட்டின் தொடக்கமல்ல, ஸ்வாப் கோப்பின் தொடக்கம். வகை இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. அலகு சரியாக இருந்த ஃபங்ஷனில் இடம் தவறு, இடம் சரியாக இருந்ததில் அலகு தவறு. பேட்சை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, பெருக்கல் வரி ஒன்று குறைந்து நிரல் சுத்தமானதாகத்தான் தோன்றும்.

ஏன் எதுவும் அலறவில்லை

பார்ட்டிஷனில் ஸ்வாப் வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே எக்ஸ்டென்டின் தொடக்க பிளாக் 0 என்பதால் இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றுதான். என்எஃப்எஸ் என்ற வலையமைப்பு ஃபைல்சிஸ்டத்தின் மேல் ஸ்வாப் வைத்தால் அது ஃபைல்சிஸ்டம் வழியாகப் போகும். பயோ உருவாகும் இந்தப் பாதைக்கே வராது. நினைவகம் தாராளமாக உள்ள டெவலப்பர் கணினிகள் ஸ்வாப் செய்வதே அபூர்வம். ஃபெடோரா 33 முதல் இயல்பாகவே ஸெட்ராம் ஸ்வாப் (நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைப்பது) வந்துவிட்டது. ஆனால் உபுண்டு 17.04-லிருந்து புதிதாக நிறுவும்போது ஸ்வாப் கோப்புதான் இயல்பு. ஆகவே இது மூலையில் கிடக்கும் அமைப்பு என்று தள்ளிவிட முடியாது.

இவையெல்லாம் ஓரளவுக்குத்தான் காரணம். முக்கியமான காரணம் வேறு. எழுதும் பாதையும் படிக்கும் பாதையும் ஒரே தவறான ஃபங்ஷனைத்தான் அழைத்தன. ஸ்லாட் 1000-ஐ செக்டர் 8000-இல் எழுதியது. திரும்பக் கேட்டபோது அதே செக்டர் 8000-இலிருந்து படித்துக் கொடுத்தது. புரோகிராமுக்கு அதன் நினைவகம் பத்திரமாகத் திரும்பி வந்தது. நினைவகத்தை நிரப்பி, ஸ்வாப் செய்யவைத்து, திரும்பப் படித்து ஒப்பிடும் டெஸ்ட் எதுவாக இருந்தாலும் அது தேறியிருக்கும். போய்வரும் டெஸ்ட் இரண்டு பாதைக்கும் இடையிலான ஒற்றுமையைத்தான் சோதிக்கிறது, இடத்தைச் சோதிப்பதில்லை.

ஃபைல்சிஸ்டமும் உடனே குரல் கொடுக்காது. அதன் மெட்டாடேட்டா (எந்தக் கோப்பு எங்கே என்பது போன்ற குறிப்புகள்) பெரும்பாலும் நினைவகத்தில் கேஷாக இருக்கும்; வட்டில் அது அழிந்தது மறுபடி படிக்கும்போதுதான் தெரியும். பல நேரம் அது அடுத்த பூட்டில்தான் நடக்கும். கேஷில் இருந்த மெட்டாடேட்டா மாறி, திரும்ப வட்டுக்கு எழுதப்பட்டால் எதிர்த்திசையில் சேதம்: இப்போது ஸ்வாப்பில் இருந்த பக்கம் அழிகிறது, சம்பந்தமில்லாத புரோகிராம் ஒன்று செக்ஃபால்ட் ஆகி முறிகிறது. அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குபவர் ஸ்வாப் பக்கம் வந்து சேர நாளாகும்.

எது அழியும்

பயோ போவது அந்த ஃபைல்சிஸ்டம் இருக்கும் பிளாக் டிவைஸுக்கே என்பதால் சேதம் அந்தப் பார்ட்டிஷனைத் தாண்டாது. அதற்குள் எது போகும் என்பதை ஃபைல்சிஸ்டத்தின் அமைப்பு தீர்மானிக்கும்.

எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் 4 கேபி பிளாக் என்றால் பிளாக் 0-இல் சூப்பர்பிளாக் (மொத்த அமைப்பின் விவரம்), பிளாக் 1-லிருந்து குரூப் டிஸ்கிரிப்டர்கள் (வட்டின் ஒவ்வொரு பகுதியின் விவரம்). ஸ்வாப் கோப்பின் ஸ்லாட் 0 தலைப்புக்குரியது, அது ஒருபோதும் ஒதுக்கப்படாது. ஆகவே சூப்பர்பிளாக் தப்பிவிடும். ஸ்லாட் 1 எழுதப்பட்டால் முதல் அடி குரூப் டிஸ்கிரிப்டர்கள் மேல். இயல்பு அமைப்பில் அதற்குப் பின் டிஸ்கிரிப்டர்கள் வளர ஒதுக்கிய பிளாக்குகள், ஏறக்குறைய ஆயிரம் வரை. பிறகு பதினாறு குரூப்புகளின் பிட்மேப்புகள் (எது காலி என்ற குறிப்புகள்). அதன் பிறகு அவற்றின் ஐநோட் (ஒரு கோப்பின் விவரப் பதிவு) டேபிள்கள், குரூப்புக்கு 512 பிளாக் வீதம் 8192 பிளாக். ஆக, முதல் 36 எம்பி அளவுக்கு ஸ்வாப் தொடர்ச்சியாக ஓடினாலே, ரூட் டைரக்டரியின் ஐநோட்டும் ஜர்னலின் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) ஐநோட்டும் உட்பட, இந்த டேபிள்கள் எல்லாமே போயிற்று. டிஸ்கிரிப்டர்களுக்கு வேறு குரூப்புகளில் நகல் உண்டு; பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கட்டளை 32768-ஆம் பிளாக்கின் நகலிலிருந்து மீட்டுவிடும். ஐநோட் டேபிளுக்கு நகல் இல்லை.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் காட்சி வேறு. முதல் 1 எம்பி பெரும்பாலும் காலி. ஆனால் முதன்மை சூப்பர்பிளாக் 64 கேபியில் இருக்கிறது, அதாவது சரியாக ஸ்லாட் 16. ஒரே ஒரு பக்கம் அங்கே விழுந்தால் போதும், அடுத்த முறை மவுன்ட் ஆகாது. 64 எம்பியில் உள்ள நகலைக் கொண்டு மீட்கலாம், அதுவரை ஸ்வாப் எட்டாமல் இருந்தால்.

எந்த ஸ்லாட் முதலில் ஒதுக்கப்படும் என்பதும் மாறும். சுழலும் வட்டில் ஸ்லாட் 1-லிருந்து தொடங்கும். எஸ்எஸ்டியில் தொடங்கும் இடம் எதேச்சையானது. ஒரு கணினியில் ரூட் போய், இன்னொன்றில் ஏதோ ஒரு படக்கோப்பு மட்டும் கெட்டதென்றால் அது இரண்டு வெவ்வேறு பிழை அல்ல.

இதைப் பிடிக்கும் டெஸ்ட்

மெய்நிகர் கணினியில் மட்டும் செய்யுங்கள். ஹோஸ்டில் (அதைத் தாங்கும் உண்மையான கணினியில்) சோதனைக் கெர்னலை ஓட்டக் கூடாது. ஹோஸ்டின் வட்டை உள்ளே கொடுக்கவும் கூடாது. 1 ஜிபி நினைவகம், சோதனைக்கெனத் தனியாக 4 ஜிபி இமேஜ் போதும். அந்த வட்டில் பார்ட்டிஷன் போடாமல் முழு வட்டிலும் எக்ஸ்ட்4 அமைத்தால் பின்னால் ட்ரேஸில் (கெர்னல் நடவடிக்கைகளின் பதிவில்) வரும் செக்டர் எண்ணிலிருந்து பார்ட்டிஷன் தொடக்கத்தைக் கழிக்கும் வேலை மிச்சம்.

முதலில் வட்டை ராண்டம் கோப்புகளால் 2 ஜிபி வரை நிரப்பி, எல்லாவற்றுக்கும் ஷா256 ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை) எடுத்து வட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில கோப்புகளை அழித்து, அழித்தவற்றின் ஹாஷ் வரிகளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பின் 1 ஜிபி ஸ்வாப் கோப்பை உருவாக்குங்கள். கோப்பு பல துண்டாக உடைய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரே துண்டாக இருந்தால், எல்லா ஸ்லாட்டுக்கும் முதல் துண்டின் தொடக்கத்தைக் கூட்டிவிடும் அரைகுறைத் திருத்தமும் தேறிவிடும். துண்டுகளை ஃபைல்ஃப்ராக் கட்டளையால் பார்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு துண்டாவது இல்லையென்றால் மறுபடி செய்யுங்கள்.

ஸ்வாப் கோப்பை, இடத்தை மட்டும் ஒதுக்கும் ஃபாலோகேட் கட்டளையால் உருவாக்கக் கூடாது. டிடி கட்டளையால் பூஜ்யங்களை உண்மையாகவே எழுத வேண்டும். ஃபாலோகேட் செய்த பிளாக்குகள் ‘இன்னும் எழுதப்படாதவை’ என்று குறிக்கப்பட்டிருக்கும். ஸ்வாப் எழுத்து ஃபைல்சிஸ்டத்தைத் தாண்டிப் போவதால் அந்தக் குறி மாறாது. கோப்பைப் படித்தால் எப்போதும் பூஜ்யமே வரும். நல்ல கெர்னலிலும் டெஸ்ட் தோற்றதாகக் காட்டும்.

அடுத்து சுமை. ஸெட்ஸ்வாப் இயங்கினால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் பக்கங்கள் சுருங்கி நினைவகத்திலேயே தங்கிவிடும். சிகுரூப் (புரோகிராம்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) ஒன்றில் நினைவக உச்சவரம்பை 128 எம்பியாக வைத்து, 512 எம்பி ஒதுக்கி ஒவ்வொரு 8 பைட்டிலும் அதன் முகவரியையும் ஒரு விதை எண்ணையும் கலந்து எழுதும் சிறு புரோகிராமை ஓட்டுங்கள். குறைந்தது 384 எம்பி வெளியே போக வேண்டும், அதாவது 98,304 பக்கங்கள். விஎம்ஸ்டாட்டில் ‘பிஎஸ்டபிள்யூபிஅவுட்’ எண் அந்த அளவுக்கு ஏறியதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.

புரோகிராம் உறங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்வாப் கோப்பை நேரடிப் படிப்பாக, டிடியின் டைரக்ட் கொடியுடன் படித்து, பூஜ்யமல்லாத பக்கங்களை எண்ணுங்கள். ஸ்வாப்பாக இருக்கும் கோப்பில் எழுத முடியாது. ரூட்டாகப் படிக்கத் தடையில்லை. நல்ல கெர்னலில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் வரும், ஒவ்வொன்றிலும் உங்கள் வடிவம் தெரியும். 5.12-ஆர்சி1-இல் தலைப்புப் பக்கத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம். ஒரு லட்சம் பக்கம் போயிற்று என்கிறது கவுன்ட்டர், கோப்பில் ஒன்றுமில்லை. தனிக் கருவி எதுவும் தேவையில்லாத, ஒரு நிமிட டெஸ்ட். இதில் எனக்குப் பிடித்தது, எழுதிய பாதையையே திரும்பப் படிக்கவும் நம்பாமல், ஃபைல்சிஸ்டம் என்ற வேறு சாட்சியிடம் கேட்பது.

துல்லியமாக எந்தச் செக்டர் என்று தெரிய வேண்டுமானால் ‘பிளாக்_பயோ_க்யூ’ ட்ரேஸ்பாயின்டை இயக்குங்கள். சிகுரூப் வரம்பால் நடக்கும் வெளியேற்றத்தில் எழுதுவது உங்கள் புரோகிராமே என்பதால் அதன் பெயரை வைத்து வடிகட்டலாம், பின்னணியில் பக்கங்களை வெளியேற்றும் கேஎஸ்வாப்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜர்னல் எழுத்துகள் ஜேபிடி2 பெயரில் வரும், அவற்றை விட்டுவிடுங்கள். மிஞ்சிய ஒவ்வொரு செக்டரும் ஃபைல்ஃப்ராக் சொன்ன துண்டுகளுக்குள், பிளாக் எண்ணை எட்டால் பெருக்கிய எல்லைக்குள், விழ வேண்டும்.

கடைசியாக ஸ்வாப்ஆஃப், அன்மவுன்ட், படிப்பு மட்டும் செய்யும் முறையில் இ2எஃப்எஸ்சிகே, மறுபடி மவுன்ட் செய்து ஷா256 ஒப்பீடு. கேஷை விடுவிக்கும் கட்டளை மட்டும் போதாது. பயன்பாட்டில் உள்ள ஐநோட்டுகள் அதில் போகாது.

பைசெக்ட்

இப்படிப்பட்ட பிழையை கிட் பைசெக்டால் (மாற்றங்களின் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்து, பிழை புகுந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறை) தேடும்போது ஒவ்வொரு படிக்கும் புது இமேஜ் வேண்டும். சுத்தமான இமேஜின் மேல் ஓவர்லே (மாற்றங்களை மட்டும் வாங்கிக்கொள்ளும் மேலடுக்கு) போட்டு, படி முடிந்ததும் ஓவர்லேயை வீசிவிடுங்கள். முந்தைய படியில் கெட்ட வட்டை அடுத்த படிக்குக் கொண்டுபோனால் நல்ல கமிட்டும் (பதிவான நிரல் மாற்றமும்) கெட்டதாகத் தெரியும். பைசெக்ட் நேராக வழிதவறும்.

லினஸ் டேகையே மாற்றியதற்குக் காரணமும் பைசெக்ட்தான். ஒரு டெவலப்பர் தம் கிளையை ஆர்சி1 மேல் தொடங்கிவிட்டால், அவருக்கு ஸ்வாப் கோப்பே இல்லாவிட்டாலும், பல மாதம் கழித்து வேறெதையோ தேடி பைசெக்ட் செய்யும் ஒருவர் அந்தக் கிளையின் நடுவில் இறங்குவார். அவருடைய வட்டு போகும். அதனால் கிளைகளை ஆர்சி1 மேல் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், வழக்கமாக ஞாயிறு வரும் ஆர்சி2-வை மார்ச் 5, வெள்ளியன்றே வெளியிட்டார். ஆனால் கிட்டில் ஒருமுறை இறக்கிய டேக் தானாக மறையாது; பழைய பெயர் பலருடைய கணினியில் அப்படியே கிடந்தது, கையால்தான் நீக்க வேண்டும். அந்தக் காலத்து வரலாற்றில் பைசெக்ட் செய்பவர்கள், தாங்கள் நிற்கும் கமிட்டில் சுத்தம் செய்த பேட்ச் இருந்து திருத்தம் இல்லையென்றால், திருத்தத்தைத் தற்காலிகமாக செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துச் சேர்த்து) பிறகு பில்ட் செய்யும்படி ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்வது நல்லது.

பேட்சைப் பார்த்தவர் எங்கே நின்றிருக்கலாம்

ஒரே பேட்சில் மூன்று காரியங்கள் இருந்தன: ஃபங்ஷனைக் கரைத்தது, நல் சோதனையை எடுத்தது, செக்டர் வரும் மூலத்தை மாற்றியது. முதல் இரண்டும் நடத்தையை மாற்றாதவை. மூன்றாவது அப்படியல்ல, ஆனால் மற்ற இரண்டின் நிழலில் நின்றது. அதைத் தனி பேட்சாகப் பிரித்திருந்தால் ‘இந்த இரண்டு ஃபங்ஷனும் எல்லா நிலையிலும் ஒரே விடை தருமா’ என்ற கேள்வி அந்த பேட்சின் ஒரே பேச்சாக இருந்திருக்கும். ‘வேறோர் இடத்தில் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது விடையாகாது.

செலவில்லாத இன்னொரு வழியும் உண்டு. மாற்றிவைக்கும் காலத்தில் பழையதையும் புதியதையும் இரண்டையுமே கணக்கிட்டு, வேறுபட்டால் எச்சரிக்கை அச்சிடும் ஒரு வரியைத் தற்காலிகமாக வைப்பது. பார்ட்டிஷனில் அது வாயே திறக்காது. கோப்பில் முதல் பக்கத்திலேயே கத்தியிருக்கும். இந்த வரியை எழுதுபவர்கள் குறைவு, சுத்தம் செய்யும் பேட்சுக்கு இவ்வளவா என்ற நினைப்பில்.

திருத்தமும் பழைய பிழையும்

பிளாக் லேயரின் பராமரிப்பாளர் யென்ஸ் ஆக்ஸ்போவின் திருத்தம் மார்ச் 2 தேதியிட்டது. ‘கெட்_ஸ்வாப்_பயோ’வைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ‘ஸ்வாப்_பேஜ்_செக்டர்’ தன் பெயருக்கு உண்மையாக நடக்கும்படி அதையே மாற்றினார்: ஸ்லாட்டுக்குரிய எக்ஸ்டென்டைத் தேடி, துண்டின் தொடக்க பிளாக்கோடு துண்டுக்குள் உள்ள தூரத்தைக் கூட்டி, பிறகு எட்டால் பெருக்குகிறது. எக்ஸ்டென்ட் கிடைக்கவில்லையென்றால் அந்தத் தேடல் கெர்னலை நிறுத்திவிடும். தவறான இடத்தில் அமைதியாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தத் திருத்தம் இன்னொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பேட்ச் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட அந்தக் குறுக்குவழி, பயோ இல்லாமல் டிவைஸின் ‘ஆர்டபிள்யூ_பேஜ்’ மூலம் நேராக எழுதும் பாதை, 2014-இல் 3.16 பதிப்பில் வந்தது முதலே இதே தவறான கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிஆர்டி (ராம்டிஸ்க், அதாவது நினைவகத்தில் அமைத்த வட்டு), ஸெட்ராம், பிடிடி, பிமெம் (இவ்விரண்டும் பெர்சிஸ்டன்ட் மெமரி, அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்துக்கு) ஆகிய டிவைஸ்களில் மட்டும் அந்தப் பாதை உண்டு. ஸெட்ராமை நேராக ஸ்வாப்பாக வைத்தால் தொடக்கம் 0, பிழை தெரியாது. அதன் மேல் ஃபைல்சிஸ்டம் போட்டு, அதற்குள் ஸ்வாப் கோப்பு வைப்பவர் அநேகமாக யாருமில்லை. பிழை ஏழு ஆண்டு உறங்கியது. பிறகு 4.4 முதலான பழைய நிலைத்த வரிசைகளுக்கும் இந்தத் திருத்தம் தனியாகச் சென்றது.

மேலே சொன்ன டெஸ்டை, நினைவகத்தைப் போதிய அளவு கூட்டிக்கொண்டு, பிஆர்டி ராம்டிஸ்க் மேலும் ஒருமுறை ஓட்டினால் இந்தப் பழைய பிழையும் சிக்கும். அங்கே ட்ரேஸ்பாயின்டை நம்பாதீர்கள்: அந்தப் பாதையில் பயோவே இல்லை, ட்ரேஸ் காலியாகத்தான் வரும். கோப்பைப் படித்துப் பூஜ்யங்களை எண்ணும் சோதனை மட்டுமே செல்லும். ‘ஆர்டபிள்யூ_பேஜ்’ 6.3 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய கெர்னலைத் தாங்களே பராமரிப்பவர்கள், குறிப்பாகப் பெர்சிஸ்டன்ட் மெமரி வைத்திருப்பவர்கள், மூல நிரலில் ‘ஸ்வாப்_பேஜ்_செக்டர்’ இன்னும் ஒரே வரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.